பல தள வீடுகளில் என்.எம். கேபிள்: அமெரிக்க மின் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் புது வீடு கட்டும் தமிழர்கள், டிரைவால் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை) அடிப்பதற்கு முன் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கும்போது, மரச்சட்டங்களின் ஊடாக வெள்ளையும் மஞ்சளுமாகக் கேபிள்கள் குழாய் எதுவுமின்றி ஓடுவதைக் கண்டு திகைப்பது வழக்கம். செங்கல் சுவரைக் கொத்தி, பி.வி.சி. பைப் புதைத்து, அதற்குள் ஒயர் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அரைகுறை வேலையாகத் தெரிவதில் வியப்பில்லை. அரைகுறை வேலை அல்ல அது. அதற்கென்று விரிவான விதிகள் உள்ளன. அவற்றுள் வீட்டு உரிமையாளர்களை அதிகம் குழப்புபவை, கேபிள் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறும் இடங்களைப் பற்றியவை. கீழே உள்ள விடைகள் தேசிய மின் விதித்தொகுப்பின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பை ஒட்டி எழுதப்பட்டவை.

என்.எம். கேபிள் என்பது என்ன? ரோமெக்ஸ் என்று கடையில் கேட்பதும் இதுவும் ஒன்றா?

காப்பிடப்பட்ட இரண்டு அல்லது மூன்று ஒயர்களையும் ஒரு வெற்றுச் செப்பு எர்த் ஒயரையும் சேர்த்து, உலோகம் அல்லாத பிளாஸ்டிக் உறையால் மூடிய கேபிளே என்.எம். கேபிள். ரோமெக்ஸ் என்பது வணிகப் பெயர். நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் இயங்கிய ரோம் ஒயர் கம்பெனி 1920-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த பெயர் அது. இன்று எந்த நிறுவனத்தின் கேபிளையும் மக்கள் அப்படியே அழைக்கிறார்கள். இப்போது கடையில் கிடைப்பது என்.எம்.-பி வகை. இதன் உள் ஒயர்களின் காப்பு 90 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் கேபிள் எவ்வளவு மின்னோட்டம் சுமக்கலாம் என்பதை 60 டிகிரி அட்டவணைப்படியே முடிவு செய்ய வேண்டும் என்று 334.80-ஆம் பிரிவு கூறுகிறது. இந்த இரண்டு எண்களும் பின்னால் ஒரு கணக்கில் தேவைப்படும்.

உறையின் நிறம் ஒயரின் தடிமனைக் காட்டும் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்): 14 கேஜ் வெள்ளை, 12 கேஜ் மஞ்சள், 10 கேஜ் ஆரஞ்சு, அதைவிடத் தடித்தவை கறுப்பு. இது உற்பத்தியாளர்கள் கடைப்பிடிக்கும் வழக்கமே தவிர விதி அல்ல. பழைய வீடுகளில் எல்லாத் தடிமனும் வெள்ளை உறையிலேயே இருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி பிரேக்கரை மாற்றக் கூடாது. 14 கேஜுக்கு 15 ஆம்ப், 12 கேஜுக்கு 20 ஆம்ப், 10 கேஜுக்கு 30 ஆம்ப் என்பவையே பிரேக்கரின் வழக்கமான உச்ச அளவுகள்.

இந்த விதித்தொகுப்பு எங்கள் ஊரில் சட்டமா?

தானாகவே சட்டம் ஆகாது. தேசியத் தீத் தடுப்புச் சங்கம் இதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. அதை மாநிலமோ, கவுண்டியோ, நகரமோ ஏற்றுக்கொண்டால்தான் அங்கே சட்டமாகும். ஏற்கும்போது சில பகுதிகளை மாற்றவும் செய்வார்கள். ஒரு மாநிலம் புதிய பதிப்பிலும் பக்கத்து மாநிலம் இரண்டு பதிப்புகள் பின்னாலும் இருப்பது சாதாரணம். இதில் பெரிய விதிவிலக்கு சிகாகோ. அந்த நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள பல புறநகர்களிலும் தனி வீட்டுக்குக்கூட என்.எம். கேபிள் கூடாது, எஃகுக் குழாய்க்குள்தான் ஒயர் போக வேண்டும். ஆகவே இணையத்தில் பார்த்த வீடியோவை நம்பிக் கேபிள் சுருளை வாங்குவதற்கு முன், உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் எந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது, அதில் என்ன திருத்தங்கள் உள்ளன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று தளங்களுக்கு மேல் என்.எம். கேபிள் கூடாது என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. பல குடும்பங்கள் வாழும் கட்டடமோ பிற கட்டடமோ தரைக்கு மேல் மூன்று தளங்களைத் தாண்டினால் அதில் என்.எம். கேபிள் கூடாது என்ற கட்டுப்பாடு 1999 பதிப்பு வரை இருந்தது. அதில் முதல் தளம் எது என்பதே ஒரு வழக்காக இருந்தது. வெளிச்சுவரின் பரப்பில் பாதியோ அதற்கு மேலோ தரைமட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் அதுவே முதல் தளம் என்றும், குடியிருப்புக்கு அல்லாமல் வண்டி நிறுத்தவோ பொருள் வைக்கவோ மட்டும் பயன்படும் ஒரு தளத்தைக் கூடுதலாக அனுமதிக்கலாம் என்றும் விளக்கம் தரப்பட்டிருந்தது. சரிவான நிலத்தில் கட்டிய வீடுகளில் இந்தக் கணக்கை வைத்து நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சமல்ல.

2002 பதிப்பில் அந்த வரம்பு நீங்கியது. அதற்குப் பதிலாக, கட்டடம் எந்த வகைக் கட்டுமானத்தைச் சேர்ந்தது என்பதே அளவுகோல் ஆயிற்று. இன்றைய 334.10-ஆம் பிரிவின்படி, ஒரு குடும்ப வீட்டுக்கும் இரு குடும்ப வீட்டுக்கும், அவற்றின் கராஜுக்கும், தள எண்ணிக்கை எதையும் பாராமல் என்.எம். கேபிளைப் பயன்படுத்தலாம். பல குடும்பக் கட்டடம் என்றால், அது மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் வகைக் கட்டுமானமாக இருக்க அனுமதி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வகைகள் கட்டட விதித்தொகுப்பிலிருந்து வருபவை. முதல் இரண்டு வகைகள் எரியாத பொருட்களால் ஆனவை, அதாவது கான்கிரீட்டும் எஃகும். மூன்றாவது வகையில் வெளிச்சுவர் எரியாததாகவும் உட்பகுதி மரமாகவும் இருக்கலாம். நான்காவது வகை கனமான மரக்கட்டுமானம். ஐந்தாவது வகை நாம் எங்கும் காணும் சாதாரண மரச்சட்ட வீடு. தீயணைக்கும் ஸ்பிரிங்ளர் முழுமையாகப் பொருத்திய குடியிருப்புக் கட்டடத்தை ஐந்தாம் வகையின் ‘ஏ’ பிரிவில் நான்கு தளம் வரையிலும், மூன்றாம் வகையின் ‘ஏ’ பிரிவில் ஐந்து தளம் வரையிலும் கட்டலாம் என்பதால், ஐந்து தள அடுக்குமாடியில்கூட இன்று என்.எம். கேபிளைக் காணலாம். இருந்தும், “மூன்று தளம்” என்ற பழைய விதியை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சில ஊர்கள் அந்த வரம்பை உள்ளூர்த் திருத்தமாக வைத்துக்கொள்ளக் கூடும் என்பதால், அவர்கள் சொல்வதை உடனே தள்ளிவிடாமல், எந்த விதியின் கீழ் என்று கேட்பது நல்லது.

“இருக்க அனுமதி உள்ளதா” என்று ஏன் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்? கட்டடம் எந்த வகை என்று பார்த்தால் போதாதா?

போதாது. சொற்கள் வேண்டுமென்றே அப்படி அமைந்துள்ளன. மூன்று தளக் குடியிருப்பு ஒன்றை உரிமையாளர் தம் விருப்பப்படி எஃகுச் சட்டங்களும் கான்கிரீட்டும் கொண்டு இரண்டாம் வகையாகவே கட்டியிருக்கலாம். அதே பரப்பும் உயரமும் கொண்ட கட்டடத்தை ஐந்தாம் வகையாகக் கட்டவும் விதி இடம் தந்திருக்கும் என்றால், அதில் என்.எம். கேபிள் போடலாம். தேவைக்கு மேல் உறுதியாகக் கட்டியவருக்கு அதனாலேயே கூடுதல் சுமை வரக் கூடாது என்பதே இதன் நியாயம்.

எதிர்ப்பக்கம், முதல் அல்லது இரண்டாம் வகையாக மட்டுமே கட்டக்கூடிய உயரமான கட்டடத்தில் என்.எம். கேபிளை அப்படியே சுவருக்குள் விட முடியாது. அங்கே அனுமதிக்கப்பட்ட குழாய்க்குள் செலுத்தினால்தான் ஏற்பார்கள். குழாய் போடுவதென்று ஆகிவிட்டால் தனி ஒயர்களை இழுப்பதே எளிது என்பதால், நடைமுறையில் அப்படிச் செய்பவர்கள் குறைவு.

கீழே கான்கிரீட் பார்க்கிங், மேலே நான்கைந்து மரத் தளங்கள் உள்ள அடுக்குமாடிக்கு எந்த விதி?

மூன்று மணி நேரத் தீத்தடுப்பு உள்ள கிடைமட்டத் தளம் ஒன்று இடையில் இருந்தால், கட்டட விதி கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் உயரக் கணக்குக்காகத் தனித்தனிக் கட்டடங்களாகவே பார்க்கிறது. மேலே உள்ள மரப்பகுதியில் என்.எம். கேபிள் ஓடலாம். கீழே உள்ள கான்கிரீட் பகுதி முதல் வகை. அங்கே குழாய் வேலைதான். வீட்டுக்குள் உள்ள சப் பேனல் (பிரேக்கர்கள் உள்ள துணைப் பெட்டி) வரை வரும் முதன்மை மின்வழியை மட்டும் குழாயிலோ உலோக உறைக் கேபிளிலோ கொண்டுவந்து, அங்கிருந்து என்.எம். கேபிளில் பிரிப்பது பரவலான முறை.

டவுன்ஹவுஸும் டூப்ளெக்ஸும் எப்படி?

கேபிள் வகையைப் பொறுத்தவரை, பக்கச்சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸுக்கும் இரு குடும்பங்கள் வாழும் டூப்ளெக்ஸுக்கும் தடையில்லை. சிக்கல் வருவது இரண்டு வீடுகளுக்கும் இடையில் உள்ள சுவரிலும், மேலும் கீழுமாக அமைந்த டூப்ளெக்ஸில் இடைத் தளத்திலும்தான். அவை தீத்தடுப்பு மணிக்கணக்கு, அதாவது தீயை இத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்ற அளவு, உள்ள அமைப்புகள். டூப்ளெக்ஸுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம். அவற்றைத் துளைக்கும் ஒவ்வொரு கேபிளையும் சோதிக்கப்பட்ட தீயடைப்பு முறையால் மூட வேண்டும். அத்தகைய சுவரின் இரு பக்கங்களிலும் சுவிட்சுப் பெட்டிகள் முதுகோடு முதுகாக இருக்கக் கூடாது. எஃகுப் பெட்டிகளுக்கு இடையே 24 அங்குலக் கிடைத்தூரம் விடுவது ஒரு வழி, பெட்டியைச் சுற்றித் தீத்தடுப்புப் பசைத் தகடு ஒட்டுவது இன்னொரு வழி. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து டி.வி. மாட்டுவதற்காக அதே சுவரில் துளை போடும் வீட்டுக்காரர்கள்தாம் இந்த விதியை அதிகம் மீறுபவர்கள்.

ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறும் ஒரே துளையில் எத்தனை கேபிள்களை விடலாம்?

பல தள வீட்டில் மிகவும் தவறாகச் செய்யப்படும் வேலை இதுதான் என்பது என் கருத்து. எனவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பேனல் (பிரேக்கர்கள் உள்ள முதன்மைப் பெட்டி) பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழ்த் தளத்தில், இருக்கிறது. மேல் தளத்துப் படுக்கையறைகளுக்கு ஏழெட்டுக் கேபிள்கள் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் டாப் பிளேட்டில் (சுவர்ச் சட்டத்தின் உச்சியில் உள்ள கிடைக்கட்டை) பெரிய துளை ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதன் வழியே ஏற்றிவிட்டு, பின்பு தீயடைப்புப் பசையால் துளையை மூடுகிறார். மூடியதுதான் சிக்கலின் தொடக்கம். திறந்த துளையில் கேபிளின் சூடு காற்றில் கலந்துவிடும். அடைத்த துளையில் அது வெளியேற வழியில்லை.

எனவே 334.80-ஆம் பிரிவு இப்படி விதிக்கிறது: மரச்சட்டத்தில் உள்ள ஒரே துளை வழியாக, இடைவெளி விடாமல், இரண்டுக்கு மேற்பட்ட என்.எம். கேபிள்கள் சென்று, அந்தத் துளை வெப்பக்காப்பாலோ, பசையாலோ, நுரையாலோ அடைக்கப்பட்டால், கேபிள்களின் மின்னோட்ட அளவைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். சுவருக்குள் வெப்பக்காப்புடன் ஒட்டி, ஒன்றோடொன்று இடைவெளியின்றி ஓடும் இரண்டுக்கு மேற்பட்ட கேபிள்களுக்கும் இதே நிலைதான்.

கணக்கு கடினமில்லை. 12 கேஜ் இரட்டை ஒயர்க் கேபிள் ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் சுமக்கும் ஒயர்கள் இரண்டு. எர்த் ஒயர் கணக்கில் சேராது. குறைப்பைத் தொடங்க 90 டிகிரி அட்டவணையைப் பயன்படுத்தலாம் என்பது விதி தரும் சலுகை. அதன்படி 12 கேஜுக்கு 30 ஆம்ப். மொத்த ஒயர்கள் 4 முதல் 6 வரை என்றால் 80 விழுக்காடு, 7 முதல் 9 வரை என்றால் 70 விழுக்காடு, 10 முதல் 20 வரை என்றால் 50 விழுக்காடு. மூன்று கேபிள் என்றால் ஆறு ஒயர்கள்; 30-இல் 80 விழுக்காடு 24 ஆம்ப். நான்கு கேபிள் என்றால் எட்டு ஒயர்கள். 70 விழுக்காடு 21 ஆம்ப். இரண்டுமே 20 ஆம்ப் பிரேக்கருக்குப் போதும். ஐந்தாவது கேபிளை நுழைத்தவுடன் ஒயர்கள் பத்து ஆகின்றன. 50 விழுக்காடு, அதாவது 15 ஆம்ப்தான். 20 ஆம்ப் பிரேக்கர் அந்தக் கேபிளுக்கு இனிப் பொருந்தாது. 14 கேஜுக்கும் இதே இடத்தில்தான் எல்லை: நான்கு கேபிளுக்கு 25-இல் 70 விழுக்காடு 17.5 ஆம்ப், 15 ஆம்ப் பிரேக்கருக்குச் சரி. ஐந்து கேபிளுக்கு 12.5 ஆம்ப், சரியில்லை.

ஆகவே அடைக்கப்படும் துளை ஒன்றுக்கு நான்கு இரட்டை ஒயர்க் கேபிள்கள் என்று வைத்துக்கொண்டு, ஐந்தாவதற்கு இன்னொரு துளை போடுவதே எளிய வழி. மூன்று ஒயர்க் கேபிள்கள் கலந்திருந்தால் எண்ணிக்கையை மறுபடி எண்ண வேண்டும். கேபிள்கள் கோடையில் கொதிக்கும் அட்டிக்கிலும் (கூரைக்கு அடியில் உள்ள வெளி) ஓடினால், சுற்றுப்புற வெப்பத்துக்கான குறைப்பும் இதோடு சேரும் என்பதால், கடைசித் தளத்திலிருந்து அட்டிக்குக்கு ஏறும் துளைகளில் இன்னும் குறைவாக விடுவது நல்லது.

அந்தத் துளையை எதைக் கொண்டு அடைக்க வேண்டும்? கடையில் விற்கும் எந்த நுரையும் போதுமா?

வீட்டுக்குள் சாதாரண மரச்சட்டச் சுவரில், ஒவ்வொரு தளத்தின் தரை மட்டத்திலும் கூரை மட்டத்திலும் தீ மேலேறும் வழியை மறிக்க வேண்டும் என்று குடியிருப்புக் கட்டட விதி கேட்கிறது. கேபிளைச் சுற்றியுள்ள இடைவெளியை, தீப்பிழம்பும் புகையும் தாராளமாகப் போக விடாத, அங்கீகரிக்கப்பட்ட பொருளால் நிரப்ப வேண்டும். கனிமக் கம்பளியும் இதற்கெனத் தயாரிக்கப்பட்ட பசையும் நுரையும் பயன்படுகின்றன. ஜன்னல் ஓரத்தில் அடிக்கும் சாதாரண நுரை இதற்கு உதவாது.

இரண்டு வீடுகளைப் பிரிக்கும் மணிக்கணக்குச் சுவரிலும் தளத்திலும் இதுவும் போதாது. அங்கே, அந்தச் சுவர் வகைக்கும் கேபிள் எண்ணிக்கைக்கும் பொருந்துமாறு ஆய்வகத்தில் சோதித்துப் பட்டியலிட்ட அமைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணி, ஆரஞ்சு நிற நுரையை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவது வீண்வேலை.

ஸ்டட்டில் (சுவரின் செங்குத்துச் சட்டம்) துளை எங்கே போட வேண்டும்? ஆணித் தகடு எப்போது தேவை?

துளையின் விளிம்புக்கும் மரத்தின் அருகிலுள்ள விளிம்புக்கும் இடையே ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதினாறில் ஒரு பங்கு அங்குலத் தடிமனுள்ள எஃகுத் தகட்டை அந்த இடத்தில் அடிக்க வேண்டும். அதற்கெனப் பட்டியலிடப்பட்ட, மெல்லிய ஆனால் வலுவான தகடுகளும் ஏற்கப்படும். டிரைவால் திருகோ, பின்னாளில் படம் மாட்ட அடிக்கும் ஆணியோ கேபிளைக் குத்தக் கூடாது என்பதே காரணம்.

இரண்டுக்கு நான்கு என்று சொல்லப்படும் ஸ்டட்டின் உண்மையான அகலம் மூன்றரை அங்குலம். இரு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் விட்டால் நடுவில் மிஞ்சுவது சரியாக ஒரு அங்குலம். அதாவது, ஒரு அங்குலத் துளையைச் சரியாக நடுவில் போட்டால்தான் தகடு வேண்டாம். கால் அங்குலம் விலகினாலும் தகடு வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் முக்கால் அங்குலத் துளையோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான். எஃகு ஸ்டட் என்றால் துளையின் கூர் விளிம்பு உறையைக் கிழிக்காமல் இருக்க, பட்டியலிடப்பட்ட வளையத்தைக் கேபிள் இழுப்பதற்கு முன்பே பொருத்தியாக வேண்டும்.

ஜாய்ஸ்டைத் (தளத்தைத் தாங்கும் கிடைச்சட்டம்) துளைத்தால் தளம் பலவீனமாகாதா?

அளவோடு துளைத்தால் ஆகாது. சாதாரண மர ஜாய்ஸ்டில் துளையின் விட்டம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். ஜாய்ஸ்ட் நீளத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் வெட்டுப்பள்ளம் கூடவே கூடாது. கேபிளுக்கு முக்கால் அங்குலத் துளை போதும் என்பதால் இது பெரும்பாலும் பிளம்பர்களின் கவலை. ஆனால் புதிய வீடுகளில் உள்ள ‘ஐ’ வடிவ ஜாய்ஸ்டுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் துளை வரைபடமே விதி. அவற்றின் மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது.

கேபிளை எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை பிணைக்க வேண்டும்?

நான்கரை அடிக்கு ஒருமுறையும், பெட்டியிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளும். கவ்வி இல்லாத ஒற்றை பிளாஸ்டிக் பெட்டி என்றால் 8 அங்குலத்துக்குள். தட்டையான கேபிளை விளிம்பில் நிறுத்தி ஸ்டேப்பிள் அடிக்கக் கூடாது. சுத்தியலால் ஓங்கி அடித்து உறை நசுங்கினால் பிணைக்காமல் விட்டதைவிட மோசம். கிடையாக ஸ்டட் துளைகளின் வழியே ஓடும் கேபிளுக்கு அந்தத் துளைகளே தாங்கல். நேராக மேலேறும் கேபிளுக்குத்தான் ஸ்டேப்பிள் மறந்துபோகிறது. வளைக்கும்போது வளைவின் உள் ஆரம் கேபிள் விட்டத்தின் ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது.

பேஸ்மென்ட், கராஜ், அட்டிக் ஆகிய இடங்களில் கேபிள் வெளியே தெரியலாமா?

தெரியலாம், நிபந்தனையோடு. முடிக்கப்படாத பேஸ்மென்டில் 14, 12, 10 கேஜ் கேபிள்களை ஜாய்ஸ்டின் அடி விளிம்பில் நேரடியாக அடிக்கக் கூடாது. துளை வழியாகவோ, கேபிளைத் தாங்கப் பலகை ஒன்றை அடித்து அதன் மேலோ கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் யாராவது அதில் துணி காயப்போடுவார்கள். 8 கேஜ் மூன்று ஒயர், 6 கேஜ் இரண்டு ஒயர் என்ற அளவிலும் அதற்கு மேலும் உள்ள கேபிள்களுக்கு இந்தத் தடை இல்லை. கேபிள் தரையைத் துளைத்து மேலே வரும் இடத்தில், தரைக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் குழாய்க்குள் இருக்க வேண்டும்.

கராஜில் “அடிபடக்கூடிய இடம்” எது என்பதை விதி அங்குலக் கணக்கில் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டரின் தீர்ப்புதான். சைக்கிளும் மண்வெட்டியும் சாய்த்து வைக்கும் உயரத்தில் திறந்த சுவரில் கேபிள் ஓடினால் அவர் விடமாட்டார் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

அட்டிக்குக்கு நிலையான படியோ ஏணியோ இருந்தால், அதன் தரையில் ஜாய்ஸ்டுகளுக்குக் குறுக்காக மேலே ஓடும் கேபிள்கள் அனைத்துக்கும் காப்புப் பட்டைகள் தேவை. ஏறுவதற்கு ஒரு திறப்பு மட்டும் இருந்தால், அதன் விளிம்பிலிருந்து 6 அடிக்குள் உள்ளவற்றுக்கு மட்டும் போதும்.

குழாய்க்குள் போட்டுவிட்டால் வெளிப்புறத்திலும் என்.எம். கேபிளைக் கொண்டுபோகலாம் அல்லவா?

கூடாது. வெளியில் உள்ள குழாயின் உட்புறமும் ஈரமான இடமாகவே கருதப்படும்; மண்ணுக்குள் புதைத்த குழாயும் அப்படியே. உறைக்கும் உள் ஒயருக்கும் நடுவே உள்ள காகிதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்கோ, மேல்தளப் பால்கனிக்கு வெளிச்சுவர் வழியாகவோ போவதற்கு ஈரம் தாங்கும் தனி ஒயர்களை இழுக்க வேண்டும். மண்ணில் நேரடியாகப் புதைக்க யு.எஃப். வகைக் கேபிள் உண்டு. கான்கிரீட்டிலும், செங்கல் சுவரில் வெட்டிய பள்ளத்திலும் என்.எம். கேபிளைப் பதிக்கவும் தடை உண்டு. ஊரில் செய்வதுபோலச் சுவரைக் கொத்திப் பூசிவிடும் எண்ணம் இங்கே எடுபடாது.

ஏ.சி. காற்று திரும்பிச் செல்லும் சுவர் இடைவெளியில் கேபிள் போகலாமா?

குடியிருப்பில் அந்த இடைவெளியைக் குறுக்காகக் கடந்து செல்லலாம். அதன் நீளத்தோடு சேர்ந்து, ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு நெடுக ஏறக் கூடாது. மேலே போக வசதியான வழி என்று பலர் கைவைப்பது இதில்தான்.

படிக்கட்டு விளக்குக்கு என்ன விதி?

தளங்களுக்கு இடையே ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட படி உயரங்கள் இருந்தால், ஒவ்வொரு தளத்திலும், வாசல் உள்ள ஒவ்வொரு இடைத்தளத்திலும் சுவிட்ச் வேண்டும். இரண்டு இடங்களிலிருந்து இயக்க, நம் ஊரில் டூ வே என்று சொல்லும் சுவிட்சுகள் இரண்டு. இங்கே கடையில் அவற்றை த்ரீ வே என்று கேட்க வேண்டும். மூன்று தளங்கள் ஒரே விளக்கைப் பகிர்ந்தால் நடுவில் ஒரு ஃபோர் வே சுவிட்ச் வரும். இவற்றுக்கு இடையே மூன்று ஒயர்க் கேபிள் தேவைப்படும் என்பதை முன்பே திட்டமிட வேண்டும். டிம்மர் வைப்பதானால், ஒவ்வொரு சுவிட்ச் இடத்திலிருந்தும் வெளிச்சத்தை முழு அளவுக்குக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். கீழே ஒருவர் மங்கலாக்கிவிட்டுப் போக, மேலிருந்து இறங்குபவர் இருட்டில் தடுமாறக் கூடாது.

மேல்தளத்துக்குத் தனி சப் பேனல் வைப்பது நல்லதா?

பெரிய வீட்டில் நல்லது என்றே சொல்வேன். பத்துக் கேபிள்களை இரண்டு தளம் ஏற்றுவதற்குப் பதிலாக ஒரே தடித்த கேபிளை ஏற்றினால், மேலே சொன்ன துளைக் கணக்கும் அடைப்பும் எளிதாகும். மின்னழுத்த இழப்பும் குறையும். 12 கேஜ் கேபிளில் 80 அடி தூரத்துக்கு 12 ஆம்ப் ஓடினால் சுமார் 3.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது 120 வோல்ட்டில் 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. விதித்தொகுப்பு கட்டாயமாக அல்லாமல் பரிந்துரையாகச் சொல்லும் அளவும் அதே 3 விழுக்காடுதான்.

6 கேஜ் மூன்று ஒயர் என்.எம். கேபிள் சுமக்கக்கூடிய மின்னோட்டம் 55 ஆம்ப். கணக்கிட்ட சுமை அதற்குள் இருந்தால், அடுத்த நிலையான அளவான 60 ஆம்ப் பிரேக்கரை வைக்க அனுமதி உண்டு. சப் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனிப் பட்டைகளில் இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் திருகைக் கழற்றிவிட வேண்டும். பேனலைத் துணி அலமாரியிலோ, குளியலறையிலோ, படிகளுக்கு மேலோ வைக்கக் கூடாது. அதன் முன்னால் 30 அங்குல அகலமும் 36 அங்குல ஆழமும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மேல்தளத்தில் இத்தனைக்கும் பொருந்தும் சுவரைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையில் பாதி.

குடியிருக்கும் வீட்டில், சுவரை உடைக்காமல் கீழிருந்து மேல்தளத்துக்குப் புதிய கேபிள் ஏற்றலாமா?

ஏற்றலாம். முடிந்த கட்டடத்தின் மூடிய வெளியில் ஒரு திறப்பிலிருந்து இன்னொரு திறப்புக்குக் கேபிளை மீன்பிடிப்பதுபோல இழுத்துச் செல்லும்போது, இடையில் ஸ்டேப்பிள் அடிப்பது இயலாது என்பதால் அதைக் கேட்பதில்லை. ஆனால் டாப் பிளேட்டில் புதிதாகப் போட்ட துளையை அடைக்கும் கடமை அப்படியே இருக்கிறது. இணைப்பு எதையும் சுவருக்குள் புதைக்கக் கூடாது. இணைப்புப் பெட்டி எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். படுக்கையறை, கூடம் போன்றவற்றின் பழைய சர்க்யூட்டை நீட்டினால், சில விதிவிலக்குகள் தவிர, தீப்பொறியைக் கண்டு துண்டிக்கும் ஏ.எஃப்.சி.ஐ. பாதுகாப்பும் சேர வேண்டும்.

மிகப் பழைய வீடுகள் சிலவற்றில் ஸ்டட்டுகள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாக, நடுவில் தடுப்பு எதுவுமின்றி நிற்கும். கேபிள் இழுப்பவருக்கு அது கொண்டாட்டம். அட்டிக்கிலிருந்து சங்கிலியை விட்டால் பேஸ்மென்டில் வந்து விழும். தீயும் அதே வழியில்தான் ஏறும் என்பதால், அத்தகைய வீட்டில் கேபிள் வேலை செய்யும்போதே ஒவ்வொரு தள மட்டத்திலும் கனிமக் கம்பளியைத் திணித்துத் தடுப்பு ஏற்படுத்திக்கொள்வது அறிவுடைமை.

இன்ஸ்பெக்டர் எப்போது வந்து பார்ப்பார்? என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

முதல் ஆய்வு கேபிள்கள் எல்லாம் இழுத்து முடித்த பின்னர், வெப்பக்காப்பும் டிரைவாலும் வைப்பதற்கு முன். அப்போது பெட்டிகள் பொருத்தப்பட்டு, கேபிளின் உறை பெட்டிக்குள் கால் அங்குலமாவது நுழைந்து, ஒவ்வொரு ஒயரும் குறைந்தது 6 அங்குலம் நீட்டி நிற்க வேண்டும். எர்த் ஒயர்கள் பெட்டிக்குள் முறுக்கி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆணித் தகடுகள் அடித்திருக்க வேண்டும். தீயடைப்பைச் சில ஊர்களில் மின் ஆய்வாளரும், சில ஊர்களில் மரச்சட்ட வேலையைப் பார்க்கும் ஆய்வாளரும் பார்ப்பார்கள். யார் முதலில் வர வேண்டும் என்பதை பெர்மிட் வாங்கும்போதே கேட்டுக்கொண்டால் இரண்டாவது வருகைக்கான கட்டணம் மிச்சம். அவர் கையெழுத்திடும் முன்பே டிரைவாலை அடித்துவிட்டால், அதைப் பிரித்துக் காட்டச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு.